‘கணவர் இறந்தால்’ என்று ஒரு வரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருபுவனையில் நான் வேலை பார்க்கும் மாத்திரை கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சூப்பர்வைசரே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார். அப்படிப்பட்ட நான், கல்யாணமாகி அவரோடு வாழ்ந்த வருடங்களில் ஒருநாளும் என் வீட்டுக்காரர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி வளர்த்தாள். கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். “இந்தக் காலத்துல போய் இன்னாக்கா இது” என்பார்கள். “என் புருஷன், என் வாய். உனக்கு இன்னாடி போச்சு?” என்று அடக்கிவிடுவேன். எழுதச் சொன்னால் மட்டும் எழுதுவேன். ஏழுமலை. இதோ, எழுதிவிட்டேன். அவர் என் தாய்மாமன் மகன், அதனால் எனக்கு அவர் எப்போதும் மாமாதான்.

குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஏறி இறங்கும் பெண்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் சொல்லி யாரும் வரவேண்டாம். அழுது முடித்தாகிவிட்டது என்று பொய் சொல்லவும் மாட்டேன், காலையில்கூட அழுதேன்.

முப்பது வயது தாண்டியதும் எனக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போக ஆரம்பித்தது. பிறகு நின்றே போனது. நானும் முட்டாள், நாள் தள்ளிவிட்டது என்று சந்தோஷப்பட்டு வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தேன். கம்பெனியில் ஏசி ஓடும்போதே எனக்கு மட்டும் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றும், முகம் கொதிக்கும், ரெண்டு நிமிடத்தில் குளிரும். புதுச்சேரி டவுனில் குழந்தைக்கென்றே இருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஏ.எம்.எச். என்று ஒரு டெஸ்ட். பெண் பிறக்கும்போதே முட்டைகளோடுதான் பிறக்கிறாளாம், அப்புறம் புதிதாக எதுவும் உண்டாவதில்லையாம். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அந்த டெஸ்ட் காட்டுமாம்.

“உங்களுக்கு ஏறக்குறைய தீர்ந்துடுச்சும்மா. அம்பது வயசு வாக்குல நடக்கறது உங்களுக்கு முன்னாடியே நடந்துடுச்சு. உங்க தப்பு எதுவும் இல்ல” என்றார் டாக்டரம்மா.

“தீர்ந்துடுச்சுன்னா? ரேஷன் அரிசியா டாக்டர் அது?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. டாக்டரம்மா கோபப்படவில்லை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பஸ் ஸ்டாண்டில் மாமா எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தார். அவர் கரும்பும் நெல்லும் போடுகிற ஆள், எங்கள் பக்கம் வயலைக் கொல்லை என்போம். “நம்ம கொல்லையில அவ்ளோ கரும்பு நிக்குது, நாம இங்க காசு குடுத்து சாறு குடிக்கறோம் பாரு, ஊர்ல தெரிஞ்சா மானம் பூடும்” என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். வில்லியனூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடிக்கிற ஆளே இல்லை அவர்.

வேறொரு பெண் தரும் முட்டையோடு மாமாவின் அணுவைச் சேர்த்து லேபில் கருவாக வளர்த்து, அதை என் வயிற்றில் வைக்கலாம் என்றார்கள். என் தங்கை சுமதி கேள்விப்பட்டதும் ஓடி வந்தாள். அவளுக்கு ரெண்டு பிள்ளைகள். “நான் குடுக்கறேன்க்கா, யார்கிட்டயோ எதுக்கு வாங்கணும்?” என்றாள். முடியாது என்றார்கள். சட்டம் மாறிவிட்டதாம். முட்டை தரும் பெண் அதற்கென்று பதிவு செய்த பேங்க் மூலமாகத்தான் வர வேண்டுமாம். அவள் யார் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது, நாங்கள் யார் என்று அவளுக்கும் தெரியக்கூடாது.

இதையெல்லாம் எங்களுக்குப் புரிய வைத்தவர் ஜெசிந்தா மேடம். அந்த ஆஸ்பத்திரியின் கவுன்சிலர். வில்லியனூர் மாதா கோயில் பக்கத்து ஊர்க்காரர், எங்கள் பேச்சே அவருக்கும். வக்கீல் எழுதிய பாஷையைச் சோறு பிசைகிற மாதிரி பிசைந்து தருவார்.

“அந்தப் பொண்ணு ஆயுசுல ஒரே ஒரு வாட்டிதான் தர முடியும். ஏழு முட்டைக்கு மேல எடுக்கவும் கூடாது. பொறக்கற குழந்தைமேல எனக்கு எந்த உரிமையும் வாணாம்னு அவ எழுதிக் குடுத்துடுவா. குழந்தை சட்டப்படி உங்களுது. உங்களுக்கு மட்டும்தான்.”

“பத்து வருஷம் கழிச்சு வந்து கேட்டுட்டான்னா?” என்றேன்.

“வர மாட்டா வாணி. வர முடியாது.”

“அப்ப அவளுக்கு ஒரு பொடவை எடுத்துக் குடுக்கலாமா?”

அதுவும் முடியாது என்றார். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தினம் தினம் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்து எடுக்கிறார்களாம். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு தருகிற ஒருத்திக்கு ஒரு நன்றிகூடச் சொல்லக் கூடாது என்றால் என்ன சட்டமோ. “எந்த மகராசியோ, அவ புள்ள குட்டிங்க நல்லா இருக்கட்டும்” என்று மாமா சொன்னார். அதன் பிறகு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்களையெல்லாம் ஒரு பார்வை பார்ப்பேன். இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று.

கையெழுத்துப் போடுகிற நாளுக்கு மாமாவின் அக்கா, என் அண்ணி தேவகி, பாகூரிலிருந்து வந்தார். நல்ல நாள் பார்த்துச் சொன்னதே அவர்தான். மாமியார் இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே அண்ணிதான். காலையில் எனக்குத் தலைக்கு ஊற்றி, வில்லியனூர் கோயிலில் அர்ச்சனை செய்து குங்குமம் வைத்துவிட்டு, போகிற வழியில் மாதா கோயிலிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். “எந்த சாமி காதுல விழுதோ விழட்டும்” என்பார்.

ஜெசிந்தா மேடம் ஒவ்வொரு பத்தியாகப் படித்து, அர்த்தம் சொல்லி, கையெழுத்து வாங்கினார். கரு மிச்சமிருந்தால் உறைய வைத்துப் பாதுகாப்பது பற்றி வந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம். கணவனும் மனைவியும் பிரிந்துபோனால் அந்தக் கருவை என்ன செய்வது என்று இருந்தது. நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வரியை மேடம் படித்தார்: “கணவர் இறந்தால்.”

“நிறுத்துங்க மேடம். நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது?”

“எல்லாருக்கும் கேக்கறதுதாம்மா. கேட்டு எழுதித்தான் ஆகணும். மூணு வழி இருக்குது. மனைவி அதைப் பயன்படுத்திக்கலாம். வேற யாருக்காவது குடுத்துடலாம். இல்ல, அழிச்சிடலாம். எதுன்னு சொல்லுங்க.”

படிக்கிறவர்கள் கொஞ்சம் அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் அவர். இன்னொரு பக்கம் அவர் கூடப் பிறந்த அக்கா. நெற்றியில் அப்போதுதான் வைத்த குங்குமம். ‘மனைவி பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று நான் டிக் போட்டால் அதற்கு என்ன அர்த்தம்? நீ செத்தாலும் எனக்கு வழி செய்து வைத்துக்கொண்டேன் என்றுதானே? எந்தப் பொண்டாட்டி அதற்குக் கை வைப்பாள்? எனக்கு அப்படித்தான் பட்டது.

“அவரே இல்லன்னா எனக்கு இன்னாத்துக்கு மேடம் அது? அழிச்சிடுங்க. அதுலயே போட்டுக்குங்க” என்றேன்.

“அவசரம் இல்ல வாணி. வூட்டுக்குப் போய் யோசிச்சுட்டு...”

“யோசிக்க ஒண்ணும் இல்ல மேடம்.”

அண்ணி என் கன்னத்தைத் தடவித் தன் நெற்றியில் விரல்களை மடக்கி முறித்தார். படபடவென்று சத்தம் கேட்டது. “நல்லா சொன்ன, தாயி” என்றார்.

அடுத்த வரி, மனைவி இறந்தால். மாமா என்னைவிட வேகம். “அதுவும் அதேதான் போட்டுக்குங்க. இவ இல்லாம புள்ளைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? பொண்ணா பொறந்தா ஒரு சடை பின்னத் தெரியுமா எனக்கு?” எல்லோரும் சிரித்தோம். மேடமும்தான். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். “இதைப் பின்னால மாத்தணும்னு தோணினா எப்ப வேணா மாத்தலாம். ஆனா ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போடணும். ஒருத்தர் போட்டா செல்லாது.” கண்டக்டர் ஊர் பேர் கூவுவதைக் கேட்பதுபோல நான் அதைக் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு கரு நல்லபடியாகத் தேறி வந்தது. ஒன்றை உறைய வைத்துவிட்டு இன்னொன்றை எனக்கு வைப்பதாக ஏற்பாடு. கரு ஒட்டுவதற்காகக் கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்க மாத்திரை தந்தார்கள். வைக்கிற அன்று டேபிளில் படுக்க வைத்துவிட்டு, லேபிலிருந்து கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு பெண் கேட்டாள். முகத்தில் மாஸ்க், கண் மட்டும்தான் தெரிந்தது. கருவைக் கையில் எடுக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் கேட்பார்களாம், ஆள் மாறிவிடக் கூடாது என்று. “உங்க பேரு?”

“கலைவாணி.”

“கணவர் பேரு?”

நான் வாயை மூடிக்கொண்டேன். “எழுதிக் காட்டறேன்மா” என்றேன். வாயால்தான் சொல்ல வேண்டுமாம். யார் சொன்னாலும் சரி, சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். உள்ளே ஆண்களை விட மாட்டார்கள் என்பதால் வெளியிலிருந்து அண்ணியைக் கூப்பிட்டு வந்தார்கள். அண்ணி பச்சை கவுனும் தொப்பியுமாக வந்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி “ஏழுமலை!” என்று ஒரு சத்தம் போட்டார். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கை நடுங்குமோ என்று எனக்குப் பயம். “இந்த டேபிள்ல இப்படி ஒருத்திய நான் பாத்ததில்ல” என்றார்.

அந்தக் கரு நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை போனில் சொன்னார்கள். நான் பேக்கிங் டேபிளில் நின்றபடியே கேட்டுவிட்டு, அட்டைப் பெட்டியை ஒட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து டேபிள் பெண்கள் என் பெட்டிகளையும் சேர்த்து அவர்களே அடுக்கினார்கள். மாமா அன்றைக்குக் கொல்லைக்குப் போகாமல் சோறாக்கி வைத்திருந்தார். குழம்பில் உப்பே இல்லை. “இன்னும் ஒண்ணு இருக்குதுடி” என்று மட்டும் சொன்னார். இன்னும் ஒன்று இருக்கிறது. அடுத்து வந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. உடம்பு தேறட்டும், பொங்கல் கழித்து வையுங்கள் என்றார் டாக்டரம்மா.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கரும்புக் கொல்லையில் தண்ணீர் தேங்கிவிட்டது. மாமா மடையை வெட்டிவிட இறங்கினார். காலில் கரும்புச் சோகை கிழித்த காயம் இருந்தது, எப்போதும் இருக்கிற காயம்தான். அப்புறம் காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை என்றார். கால் பிடித்துவிட்டேன், தைலம் தேய்த்தேன். கண் ரெண்டும் சிவந்திருந்தது. “ராத்திரில குடிச்சுட்டு வந்த மாதிரி இருக்குது மாமா உன் மூஞ்சி” என்று கிண்டல்கூடச் செய்தேன். மறுநாள் கண் மஞ்சளானது. சிறுநீர் போகவில்லை.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் அந்தக் கிருமி இருக்குமாம், காயம் வழியாக உள்ளே போகுமாம். பல பேருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். சில பேருக்குத்தான் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். மாமாவுக்குச் சிறுநீரகம் நின்றுபோய் டயாலிசிஸ் செய்தார்கள். உடம்பிலுள்ள ரத்தத்தை மெஷின் வழியாகச் சுத்தம் செய்து திருப்பி விடுவதுதான் டயாலிசிஸ்.

ஐ.சி.யூ. வாசலில் ஒரு நீள பெஞ்ச். அதுதான் எங்கள் வீடு. அண்ணி வீட்டுக்காரர் மருந்துக் கடைக்கும் ரத்த பேங்குக்கும் ஓடினார். அண்ணி கஞ்சி கொண்டு வந்து, நான் குடிக்கும்வரை எதிரில் நின்றார். உள்ளே விடும்போது வாசலில் இருக்கும் நர்ஸ் பேஷண்ட் பெயர் கேட்பாள். நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவேன். “அம்மா, எத்தனையோ பேர் வர்றாங்க, கையைக் காட்டிட்டு உள்ள போறது நீங்க ஒருத்தர்தான்” என்று அந்தப் பெண் சிரிக்கும். வியர்வையில் எழுத்து அழிந்துபோகும், திரும்ப எழுதுவேன்.

ஒருநாள் டாக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். நுரையீரலுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கிறது, மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டி வரலாம், வைத்தால் பேச முடியாது, பேச வேண்டியது இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள் என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கணவர் இறந்தால்.

அந்த வரி அப்படியே கண்முன் வந்து நின்றது. என் வாயால் நான் சொன்னது. அழிச்சிடுங்க.

ஜெசிந்தா மேடத்துக்கு போன் போட்டேன். பேச்சு குழறியது, ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. “அவருக்கு நெனப்பு தெளிவா இருக்குதா?” என்றார். இருக்கிறது என்றேன். “நான் ஃபாரம் எடுத்துக்கிட்டு வரேன். எங்கயும் போவாத.” அந்த மழையில் ஸ்கூட்டியில் வந்தார். புடவை முழுக்க நனைந்து சொட்டியது. பிளாஸ்டிக் கவரில் ஃபாரம் மட்டும் துளி நனையவில்லை. ‘மனைவி பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்ற இடத்தில் டிக் போட்டு, பெஞ்சிலேயே கையெழுத்தும் போட்டேன். “ரெண்டு கையெழுத்து, அவ்ளோதான். நீ போட்டுட்ட. அவர் போட்டதும் டாக்டரை சாட்சி போடச் சொல்லலாம். போ.”

உள்ளே போனேன். ஃபாரத்தை மடித்து முந்தானைக்கு அடியில் பிடித்திருந்தேன். டயாலிசிஸ் முடிந்திருந்ததால் மாமா அன்றைக்குத் தெளிவாக இருந்தார். மாஸ்க்கை லேசாகத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சாப்ட்டியா?”

“ஆச்சு மாமா.”

“வாணி, அந்த ஒண்ணு பத்திரமா இருக்குதா?”

“இருக்குது மாமா.”

“இந்த மழைக்கு கரண்ட் போனா?”

“கரண்ட்டுல இல்ல மாமா அது. நைட்ரஜன் ஊத்தி டேங்குல வச்சிருக்காங்க. ஒண்ணும் ஆவாது.”

“நான் எழுந்து வந்ததும் போலாம். இந்த வாட்டி நிக்கும் பாரு.” மூச்சு வாங்கியது. என் கையைப் பார்த்தார். “அது இன்னா சீட்டு?”

இதுதான் நேரம். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரையே வாயடைக்கிற எனக்கு அது வரவில்லை.

“மருந்துச் சீட்டு மாமா” என்றேன்.

அப்புறம் சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார். “எனக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?”

“இன்னா பேச்சு பேசற மாமா? ஆவாது. ஒண்ணும் ஆவாது.”

அப்படிச் சொல்லிவிட்டு, நீ செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்கிற காகிதத்தை எப்படி அவர் முன்னால் நீட்டுவேன்? சொல்லுங்கள், எப்படி நீட்டுவேன்? நர்ஸ் வந்து நேரம் ஆகிவிட்டது என்றாள். மாஸ்க்கைச் சரியாக வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

“போட்டாரா?” என்றார் மேடம். இல்லை என்று தலையை ஆட்டினேன். “வாணி, நான் வேணா டாக்டரைக் கேட்டு உள்ள போய்ப் பக்குவமா சொல்லட்டுமா?”

“வாணாம் மேடம். பயந்துடுவாரு. நாளைக்குக் கொஞ்சம் தேறட்டும், நானே சொல்றேன்.”

மேடம் ஈரப் புடவையோடு என் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கவரை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமா கண்ணே திறக்கவில்லை. மழை விட்டு வெயில் அடித்த அன்று போய்விட்டார். அண்ணி வீட்டுக்காரர்தான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார், பெயர் சொன்னார், வண்டி பிடித்தார். என் உள்ளங்கையில் எழுதிய பெயர் அப்போதும் அழியாமல் இருந்தது.

காரியம் முடிந்து, ஊர்க்காரர்கள் போய், நான் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஜெசிந்தா மேடத்தைத் தேடிப் போனேன். எனக்கு அந்தக் கரு வேண்டும் என்றேன். கூட வந்த அண்ணியும் சொன்னார், “எங்க தம்பி வாரிசு மேடம் அது. நான் வளக்கறேன், எங்க வூட்ல யாரும் தடுக்க மாட்டோம்.” ஆஸ்பத்திரியில் யாரும் எங்களை விரட்டவில்லை. மனு எழுதிக்கொடுங்கள், மேலே கேட்கிறோம் என்றார்கள். நான் எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதினேன்.

டவுனில் ஒரு வக்கீலம்மாவையும் பார்த்தோம். நல்ல பெண். ஃபாரத்தின் நகலை ரெண்டு தடவை படித்தார். “உங்க கணவர் இதை மாத்தணும்னு யார்கிட்டயாவது சொன்னாரா?” என்று கேட்டார்.

“என்கிட்ட சொன்னாரும்மா. ஐ.சி.யூ.ல. நான் எழுந்து வந்ததும் போலாம்னு சொன்னாரு.”

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். “அது அவர் உயிரோட இருந்தா செய்யறதைப் பத்தின பேச்சும்மா. அவர் இல்லன்னா என்ன செய்யணும்னு இந்தப் பேப்பர்ல இருக்கு. அவர் கையெழுத்து, உங்க கையெழுத்து. கேஸ் போடலாம். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஜட்ஜ் கேக்கற முதல் கேள்வி இதுதான்.”

அவரிடம் அந்தப் பிளாஸ்டிக் கவரைக் காட்டினேன். புது ஃபாரத்தில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அண்ணி அழுதார். “நல்லா சொன்னன்னு சொன்னேனே பாவி. நெட்டி முறிச்சேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மனுவுக்குப் பதில் வந்தது. இருவரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் மட்டும் மாற்ற இயலாது என்று. கேஸுக்கு நான் போகவில்லை, ஜட்ஜ் முன்னாலும் அதே பேப்பர்தானே நிற்கும்.

நான் அன்றைக்கு அந்தச் சீட்டை நீட்டியிருக்க வேண்டுமா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியவில்லை. சில நாள் ஆமாம் என்று தோன்றும். சில நாள், பயமில்லாமல் போனாரே, அது போதும் என்று தோன்றும். ஆனால் முதல் ஃபாரத்தில் எழுதியது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாய்மார்களே, அந்த வரியைப் படிக்கும்போது காதை மூடாதீர்கள். நாம் எழுதுவதால் யாரும் சாவதில்லை. குங்குமமும் நல்ல நாளும் இருக்கட்டும், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் இருக்கட்டும், உங்களுக்கு அந்தப் பிள்ளை வேண்டுமா என்று மட்டும் யோசித்து எழுதுங்கள்.

அழிப்பதற்காகக் கருவை வெளியே எடுக்கிற தேதியை மேடம் சொன்னபோது, நான் வருகிறேன் என்றேன். இதற்கெல்லாம் யாரும் வருவதில்லையாம், வர வேண்டியதும் இல்லையாம். “அவரு போகும்போது நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன் மேடம். இதுக்காவது உள்ள நிக்கறேன்” என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றவர், அனுமதி வாங்கித் தந்தார்.

அண்ணியும் நானும் போனோம். அதே பச்சை கவுன், அதே தொப்பி. அந்த லேப் பெண் டேங்கின் மூடியைத் திறந்தபோது வெள்ளையாகப் புகை வழிந்தது. உள்ளே இருந்து ஒரு குச்சியை எடுத்தாள், ஈர்க்குச்சியைவிட மெலிசு. அதன் நுனியில் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாதாம். யாரோ ஒரு மகராசி ஆயுசுக்கு ஒரே தடவை தந்தது. அதில் பாதி எங்கள் மாமா. ரொம்ப நேரம் பார்த்தேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கேட்டுத்தான்க்கா ஆகணும், மன்னிச்சுக்குங்க. உங்க பேரு?”

“கலைவாணி.”

“கணவர் பேரு?”

வழக்கம்போல அண்ணி எனக்காக வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“நான் சொல்றேன் அண்ணி. இனிமே குறையறதுக்கு இன்னா இருக்குது?”

சொன்னேன். குரல் வெளியே வரவில்லை போலிருக்கிறது. “கேக்கலக்கா, இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள் அந்தப் பெண்.

“ஏழுமலை” என்றேன், சத்தமாக.